பிகோனியாவுக்குப் பத்து நாள் கொடுங்கள்

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

யாழ்ப்பாணத்திலிருந்து மலைநாட்டு நுவரெலியாவுக்குப் போய் வருகிறவர்களின் பையில் லீக்ஸ், கரட்டோடு ஒரு பிகோனியாப் பூச்செடிக் கன்றும் இருக்கும். வீட்டுக்கு வந்த மறுநாளே அதை முற்றத்தில் வைப்போம். மூன்றாம் நாள் இலை கருகித் தொங்கும். "எங்கட வெயிலுக்கு இது சரிவராது" என்று விட்டுவிடுவோம். நானும் ஐந்தாறு கன்றுகளை அப்படிச் சாகக் கொடுத்திருக்கிறேன். வெயிலைக் குறை சொன்னேன். என் அவசரம் பிறகுதான் விளங்கியது.

நிழலில் விரிந்த இலை மெல்லியது. வெயிலையும் காற்றையும் தாங்கும்படி அதன் தோல் தடிக்க நாள் வேண்டும். முதல் இரண்டு நாள் கன்று விறாந்தையிலேயே இருக்கட்டும். அப்புறம் காலை இளவெயிலில் அரை மணி நேரம் வைத்து, திரும்ப உள்ளே எடுங்கள். நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டிக்கொண்டே போனால், பத்தாம் நாள் ஒன்பது மணி வெயில் வரை தாங்கும். இலை வெளிறினால் இரண்டு நாள் பின்னுக்குப் போங்கள். பழகிய கன்றுக்கும் உச்சி வெயில் ஆகாது. வேப்பமர நிழலோ கிடுகுப் பந்தலோ வேண்டும்.

இதைத் தை மாதத்தில் தொடங்குவது நல்லது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிச் சூரியன் எங்கள் தலைக்கு நேர் மேலே நிற்கும், அப்போது தொடங்கவே வேண்டாம். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று எழும்பினால் சாடியை வேலியின் மறைவுக்கு நகர்த்துங்கள்.

தண்ணீர் விஷயத்தில்தான் நாங்கள் கூடுதலாகத் தவறுகிறோம். பிகோனியாவின் வேர் மெல்லியது, ஈரம் தேங்கினால் அழுகும். அழுகினாலும் இலை வாடித்தான் தொங்கும். தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றுவோம். விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள். மேல் மண் காய்ந்தால் மட்டும் ஊற்றுங்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், கேத்தலின் அடியில் படியும் வெள்ளையைப் பார்த்திருப்பீர்கள். பிகோனியா இலேசான புளிப்பு (அமில) மண்ணை விரும்பும் செடி, சுண்ணாம்பு அந்தப் புளிப்பைக் குறைத்துவிடும். அதனால் மாரி மழைத் தண்ணீரைப் பீப்பாவில் மூடி வைத்து, இதற்கென்று பாவிக்கிறேன். சாடியில் தும்புச்சோறு (தென்னந்தும்புத் தூள்) இரண்டு பங்கு, மக்கிய மாட்டெரு ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு.

கிழங்கு வகை மலைநாட்டுக் குளிருக்குரியது. மெழுகுபோல் இலை மினுங்கும் சிறிய வகையும், மூங்கில்போல் கணு வைத்து வளரும் வகையும் இங்கே நன்றாக வரும். கணு வகையில் ஒரு தண்டை நறுக்கி ஈரத் தும்புச்சோற்றில் குத்தினால் சில வாரங்களில் வேர் விடும். என் செடியிலிருந்து நாலு அயல்வீடுகளுக்குத் தண்டு போயிருக்கிறது. கொடுக்கும்போதே சொல்லிவிடுவேன்: "வேர் விட்டதும் முற்றத்துக்குக் கொண்டுபோகாதேங்கோ, பத்து நாள் பொறுங்கோ."