கல்லைச் சீவியவர் பெயர்

அனைவருக்கும் வணக்கம். பதினைந்து நிமிடத்தில் 11 கோடி ஆண்டைச் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் முன்னுரை கிடையாது.

2011 மார்ச். கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் எண்ணெய் மணல் வெட்டும் சுரங்கம் ஒன்று. பொக்லைன் ஓட்டிக்கொண்டிருந்தவர், பெயர்ந்து வந்த கல்லில் பழுப்பு வட்டங்கள் வரிசையாக இருப்பதைப் பார்த்து வேலையை நிறுத்தினார். ராயல் டிரெல் அருங்காட்சியகத்துக்குத் தகவல் போனது. அது கடலடிப் பாறை. கடல் பிராணியாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு அருங்காட்சியகத்தார் வந்தார்கள். கிடைத்ததோ 11 கோடி ஆண்டுக்கு முன் தரையில் தழை மேய்ந்த கவச டைனோசர்!

செத்த உடல் கடலுக்கு அடித்துச் செல்லப்பட்டு, ஊதி மிதந்து, கடைசியில் மல்லாந்து சேற்றில் அமிழ்ந்திருக்கிறது. சுற்றிலும் சீக்கிரமே கல் இறுகிவிட்டது. பொதுவாகக் கவச டைனோசர் செத்தால், நூல் அறுந்த மாலையின் மணிகளைப்போல அதன் தட்டுகள் சிதறிவிடும். இதில் மூக்கிலிருந்து இடுப்பு வரை எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. தோலும் இருந்தது. வயிற்றில் கடைசியாக மேய்ந்த பெரணி இலையும், கூடவே கரித்துகளும் இருந்ததாக 2020இல் எழுதினார்கள். காட்டுத்தீக்குப் பிறகு துளிர்த்த இடத்தில் மேய்ந்திருக்கிறது!

இனி எனக்குப் பிடித்த பகுதி. மார்க் மிட்செல் என்ற தொழில்நுட்பர் சுமார் 7,000 மணி நேரம் உட்கார்ந்து, எலும்பைத் தொடாமல் கல்லை மட்டும் சீவி எடுத்தார். 2017இல் புதிய இனம் என்று அறிவித்தபோது வைத்த பெயர் போரியலோபெல்டா மார்க்மிட்செல்லி. நம் ஊரில் என்றால் இலாகா இயக்குநர் பெயரை வைத்திருப்பார்கள். (சிரிப்பு)

நம்மிடமும் ஒன்று உண்டு. எழும்பூரில் ரயில் ஏறினால் சில மணி நேரத்தில் அரியலூர். அந்தப் பக்கத்துக் கடல் பாறையில் கிடைத்த எலும்புகளை வைத்து, யாதகிரியும் அய்யாசாமியும் 1979இல் ‘திராவிடோசாரஸ்’ என்ற கவசத் தட்டு டைனோசரை அறிவித்தார்கள். 1996இல் மறுப்பு வந்தது: இவை பிளீசியோசார் என்ற கடல் ஊர்வனவின் எலும்புகள் என்று. இன்று பலர் மறுப்பின் பக்கமே நிற்கிறார்கள். கடல் பாறையில் கிடைத்தது என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளிவிட முடியாது என்பதற்கு ஆல்பர்ட்டாவே சாட்சி. ஆனால் தேய்ந்த எலும்பை வைத்துக்கொண்டு எவ்வளவுதான் வாதாடுவது? அதே வட்டாரத்தில், கல்லமேட்டில் கிடைத்த ‘புருகத்காயோசாரஸ்’ என்ற மாபெரும் டைனோசரின் எலும்புகள் உதிர்ந்தே போய்விட்டன. படங்கள்தான் மிச்சம்.

வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது, நல்லது. கல் சீவப் பழகிய நாலு பேரை அங்கே நிரந்தரச் சம்பளத்தில் வையுங்கள். அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் வேலை செய்பவர்களுக்கு, வித்தியாசமாக ஏதாவது கண்ணில் பட்டால் கூப்பிட ஒரு தொலைபேசி எண் கொடுங்கள். கட்டடம் பிறகு கட்டிக்கொள்ளலாம்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.