ஆறு துண்டு, ஏழு பேர்

நடுவர் அவர்களே, எதிரணியினரே, தருமபுரி மக்களே, வணக்கம். எனக்குக் கொடுத்தது ஏழு நிமிடம்; அதில் ஒன்றைச் சால்வை போட்டே முடித்துவிட்டார்கள். தலைப்பு, 'பெரிய உணவகத்தில் நடுவில் வைக்கும் தட்டு வளர்ப்பது உறவையா, பில்லையா?' பில்லையே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை. மகளுக்குக் கல்யாணமான பிறகு முதல் முறையாகச் சம்பந்தி வீட்டாரை வெளியே சாப்பிட அழைத்துப் போனேன். நம் ஊரில் எல்லோரும் போகிற இடம்தான். பெயர் வேண்டாம், திரும்பப் போக வேண்டியிருக்கிறது. நோட்டில் பெயர் எழுதிவிட்டு வாசலில் முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். பெண் பார்க்கப் போனபோதுகூட நான் அவ்வளவு அடக்கமாக உட்கார்ந்ததில்லை. உள்ளே மங்கலான விளக்கு. மெனுவில் பலகாரத்தின் பெயர் தெரியாது, விலை மட்டும் தெரியும். "எல்லாமே நடுவில் வைத்துப் பகிர்ந்து சாப்பிடுகிற மாதிரி வரும் ஐயா" என்றார் சர்வர்.

வந்தது. முறம் அளவுக்குத் தட்டு. நடுவில் வறுத்த மீன் ஆறு துண்டு. சுற்றிலும் காலி மனை. நாங்கள் ஏழு பேர்!

நடுவர் அவர்களே, கணக்கைக் கவனியுங்கள். ஆறு துண்டு, ஏழு பேர். நியாயமாக ஒருவருக்குக் குறைய வேண்டும். ஆனால் ஐந்து பேர் எடுத்த பிறகு ஒரு துண்டு மிஞ்சி நிற்கிறது! இன்னும் எடுக்காதவர்கள் நானும் சம்பந்தியும். "எடுங்கள் சம்பந்தி." "சேச்சே, நீங்கள் எடுங்கள்." "எனக்கு மீன் அவ்வளவாக..." "எனக்கும்தான்." இரண்டுமே பொய். அவர் கண் துண்டின் மேல். என் கண் அவர் கையின் மேல். அவர் கிருஷ்ணகிரிக்காரர். 2004இல் மாவட்டத்தைப் பிரித்தபோது மாந்தோப்புகளை அள்ளிக்கொண்டு போனவர்கள், ஒரு மீன் துண்டை எடுக்கத் தயங்குகிறார்கள்! அவர் தட்டை என் பக்கம் ஓர் அங்குலம் தள்ளினார். நான் ஓர் அங்குலம் திருப்பித் தள்ளினேன். அவர் மறுபடியும் தள்ளினார். உயிரோடு இருந்தபோதுகூட அந்த மீன் அவ்வளவு தூரம் நீந்தியிருக்காது.

சர்வர் வந்து, "முடிந்ததா ஐயா?" என்றார். இருவரும் ஒரே குரலில், "முடிந்தது" என்றோம். கல்யாணப் பேச்சு தொடங்கிய நாளிலிருந்து நாங்கள் ஒத்துப்போன ஒரே இடம் அதுதான். துண்டு போய்விட்டது. ஆனால் பில்லில் போகவில்லை. தட்டு 420 ரூபாய், 5 சதவீத ஜிஎஸ்டி 21 ரூபாய். துண்டுக்கு 73 ரூபாய் 50 காசு, சாப்பிடாத துண்டுக்கும் சேர்த்து!

எதிரணிப் பேராசிரியை என்னைக் காட்டி, "இவர் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சாப்பிடுகிறவர்" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள், பார்த்தேன். உண்மைதான் அம்மா. நான் ஒகேனக்கல்லில் இரண்டு வருடம் வேலை பார்த்தவன். அங்கே கதவைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். பகிர்ந்துண்ணும் பண்பில் உங்கள் அணியை மிஞ்சிய கூட்டம் கூரையில் காத்திருக்கும். ஒரு நாள் நான்கு இட்லியைப் பிரித்து வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கத் திரும்பினேன். மறுபடி பார்த்தால், என் இடத்தில் சம்மணம் போடாத குறையாக ஒரு குரங்கு. மூன்றை முடித்துவிட்டு நான்காவதைக் கடித்துப் பார்த்து எனக்கு விட்டுவைத்தது. "நீங்கள் எடுங்கள், நீங்கள் எடுங்கள்" என்று இழுக்கவில்லை. அந்த நேர்மை சம்பந்திக்கு வருமா? எனக்குத்தான் வருமா?

அதியமான் ஆண்ட தகடூரில், இந்தத் தருமபுரியில், நின்று பகிர்வைப் பழிக்கலாமா என்றும் பேராசிரியை கேட்டார். அதியமான் நெல்லிக்கனியை நடுவில் வைத்து, "ஆளுக்குப் பாதி" என்றா சொன்னான்? முழுக்கனியையும் ஔவைக்குக் கொடுத்தான்!

மணி அடித்துவிட்டீர்கள். அரை நிமிடம் கொடுங்கள்.

என் அம்மா கேழ்வரகுக் களி கிண்டி இறக்கி, கையை நனைத்து, சூட்டோடு உருட்டுவார். ஆளை எண்ணித்தான் உருட்டுவார். கடைசி உருண்டை மட்டும் எப்போதும் எலுமிச்சம்பழ அளவுதான் இருக்கும். அது யாருடையது என்று நான் கேட்டதில்லை. தெரியும், அதனால்தான் கேட்கவில்லை.

அன்று உணவகத்தில் அம்மா என் பக்கத்தில்தான் இருந்தார். சம்பந்தி கை கழுவ எழுந்து போனதும் என் தட்டில் மெதுவாக ஏதோ வந்து விழுந்தது. மீன் துண்டு. தன் பங்கைக் கடிக்காமல் வெங்காயத்துக்கு அடியில் மறைத்து வைத்திருந்திருக்கிறார். முள்ளைக்கூட எடுத்துவிட்டிருந்தார். எனக்கு வயது 54. "சாப்பிடு, ஆறிவிட்டது" என்றார், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

நடுவர் சிரிக்கிறார், இது எதிரணிக்குச் சேர வேண்டிய கதை என்கிறார். சேரட்டும். சம்பந்தி திரும்பி வந்ததும் அதில் பாதியைக் கொடுத்தேனா என்று மட்டும் கேட்காதீர்கள். ஔவை கொடுத்தாரா? முழுதும் நானே சாப்பிட்டேன். வணக்கம்.