எம்டன் கப்பலும் கட்சி மாறிய கூட்டாளிகளும்

வணக்கம் பசங்களா. கூட உட்கார்ந்து பார்க்கும் அம்மா அப்பாவுக்கும் வணக்கம். நான் இப்போது ராஜாஜி சாலையில் நிற்கிறேன், உயர் நீதிமன்றத்தின் கிழக்கு மதில் ஓரமாக. பஸ் சத்தம் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். எதிரே துறைமுகம். இதோ, சுவர்ப் பக்கம் கேமராவைத் திருப்புகிறேன். இந்தக் கல் தெரிகிறதா? 1914 செப்டம்பர் 22 அன்று எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் நம்ம ஊர்மேல் குண்டு போட்டதன் நினைவாக வைத்த கல்.

இங்கே வந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. என் டியூஷனில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் முதல் உலகப் போரைப் படித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த ஆறாம் வகுப்புப் பையன் திடீரென்று தலையைத் தூக்கினான். "அக்கா, ஜப்பான் நம்ம பக்கமா, எதிர்ப் பக்கமா? முதல் போர்ல இங்கிலாந்து கூட இருக்காங்க, ரெண்டாவது போர்ல இங்கிலாந்தை அடிக்கிறாங்க. புக்ல தப்பா?" என்றான்.

புத்தகத்தில் தப்பு இல்லை தம்பி. இரண்டும் உண்மைதான். இரண்டையும் இந்தத் துறைமுகத்தை வைத்தே உனக்குக் காட்டுகிறேன்.

முதலில் அந்த இரவு. மணி ஒன்பதரை இருக்கும். துறைமுகத்தில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. போர் எங்கேயோ ஐரோப்பாவில்தானே நடக்கிறது என்று ஊர் நிம்மதியாக இருந்தது. எம்டனின் கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் கப்பலைக் கரைக்கு மிக அருகில் கொண்டுவந்து, சர்ச் லைட்டைப் போட்டு, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் டேங்குகளைக் குறிபார்த்தார். சுமார் 130 குண்டுகள். டேங்குகள் பற்றி எரிந்தன. துறைமுகத்தில் நின்ற ஒரு கப்பலிலும் குண்டு விழுந்தது. உயிர்ப்பலியும் நேர்ந்தது. அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்து, எம்டன் இருட்டில் போய்விட்டது. பயத்தில் ஆயிரக்கணக்கான பேர் மூட்டை கட்டிக்கொண்டு ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். எம்டனுக்கு இருந்தது மூன்று புகைபோக்கிகள். பொய்யாக நான்காவது ஒன்றைக் கட்டி, ஆங்கிலேயக் கப்பல் போலவே வேஷம் போடுவார்கள். அதனால்தான் இன்றைக்கும் ராயபுரத்தில் ஒரு பையன் தந்திரமாக வேலை செய்தால், "அவன் பெரிய எம்டன்டா" என்கிறோம்.

சரி, ஜெர்மனிக்கும் நமக்கும் என்ன சண்டை? எதுவும் இல்லை. நம்மை அப்போது ஆண்டது பிரிட்டன். பிரிட்டன் போருக்குப் போனால் நாமும் போன கணக்கு.

பிரிட்டன் ஏன் போனது? இங்கேதான் கூட்டணி வருகிறது. கேரம் டபுள்ஸ் ஆடியிருப்பீர்கள். நான்கு பேர் உட்காருவீர்கள், உன் எதிரே இருப்பவன் உன் கூட்டாளி. அவன் பிழை செய்தால் உனக்கும் நஷ்டம். 1914-இல் ஐரோப்பாவே அப்படிக் கூட்டாளி பிரித்து உட்கார்ந்திருந்தது. ஒரு பக்கம் ஜெர்மனி, ஆஸ்திரியா-ஹங்கேரி, இத்தாலி. இன்னொரு பக்கம் பிரான்ஸ், ரஷ்யா, பிரிட்டன். "உன்னை யாராவது அடித்தால் நான் வருவேன்" என்று காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டவர்களும் உண்டு, வாய்ச்சொல்லோடு நின்றவர்களும் உண்டு.

ஜூன் 28 அன்று சரயேவோ நகரத்தில் ஆஸ்திரியாவின் இளவரசரைச் சுட்டுக் கொன்றார்கள். ஆஸ்திரியா செர்பியா மேல் பாய்ந்தது. செர்பியாவுக்காக ரஷ்யா எழுந்தது. ஆஸ்திரியாவுக்காக ஜெர்மனி எழுந்தது. ரஷ்யாவின் கூட்டாளி என்பதால் பிரான்ஸும் மாட்டிக்கொண்டது. பிரான்ஸை அடிக்கக் குறுக்குவழி தேடி ஜெர்மன் படை பெல்ஜியத்துக்குள் நுழைந்தது. பெல்ஜியத்தை யாரும் தொடக் கூடாது என்று 1839-இலேயே கையெழுத்துப் போட்டிருந்த பிரிட்டன் ஆகஸ்ட் 4 அன்று இறங்கியது. எண்ணிப் பாருங்கள், துப்பாக்கிச் சூட்டிலிருந்து 37 நாள்.

இதில் என்னை எப்போதும் உறுத்தும் ஒரு விஷயம் சொல்கிறேன். பிரிட்டனின் ஜார்ஜ் மன்னருக்கு ஜெர்மனியின் வில்ஹெல்ம் அத்தை மகன். ரஷ்யாவின் நிக்கோலஸ் சித்தி மகன். ஒரே குடும்பம். கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் ஒன்றாக நின்றவர்கள். அந்த உறவு ஒரு குண்டைக்கூடத் தடுக்கவில்லை.

இத்தாலி என்ன செய்தது தெரியுமா? கூட்டாளிகளுக்காக வரவில்லை. முதலில் ஒதுங்கி நின்றது. 1915 மே மாதம் எதிர்ப் பக்கம் சேர்ந்து ஆஸ்திரியா மேலேயே போர் தொடுத்தது.

இப்போது தம்பி கேட்ட ஜப்பான். பிரிட்டனும் ஜப்பானும் 1902-இலேயே ஒப்பந்தம் போட்டவர்கள். அதனால் 1914 ஆகஸ்ட் 23 அன்று ஜப்பானும் ஜெர்மனி மேல் போர் அறிவித்தது. எம்டன் கிளம்பி வந்த துறைமுகம் சீனாவில் ஜெர்மனி வைத்திருந்த சிங்தாவ். அதை ஜப்பான் படையும் பிரிட்டிஷ் படையும் சேர்ந்து பிடித்தன. எம்டனோ இங்கிருந்து போய், அக்டோபர் 28 அன்று பினாங்கில் ஒரு ரஷ்யக் கப்பலையும் ஒரு பிரெஞ்சுக் கப்பலையும் மூழ்கடித்தது. ஒரே கப்பல் மூன்று கூட்டாளிகளையும் அடித்துவிட்டது, பாருங்கள்.

நவம்பர் மாதம் ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வீரர்களை ஏற்றிக்கொண்டு ஒரு பெரிய கப்பல் கூட்டம் இந்தியப் பெருங்கடலில் வந்தது. காவலுக்கு வந்த போர்க்கப்பல்களில் ஒன்று இபுகி. அது ஜப்பான் கப்பல். 9-ஆம் தேதி காலை, பக்கத்துக் கோகோஸ் தீவில் எம்டன் வந்திருக்கிறது என்று செய்தி வந்தது. ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற கப்பல் கிளம்பியது. இபுகியின் கேப்டனுக்கும் போக ஆசை. அனுமதி கேட்டார். "வேண்டாம், நீங்கள் இங்கேயே காவல் இருங்கள்" என்று பதில் வந்தது. இபுகி சிட்னியைவிடப் பெரிய கப்பல், பெரிய பீரங்கிகள். ஆனாலும் காவலுக்கே நின்றது. சிட்னி போய் எம்டனை முடித்தது. கூட்டணி என்றால் என்ன என்று யாராவது கேட்டால் எனக்கு இந்தக் காட்சிதான் நினைவுக்கு வரும். வேறு நாட்டுக்காரர் சொன்ன சொல்லுக்கு ஒரு கேப்டன் கட்டுப்பட்டு நின்றார்.

அப்போது பிரிட்டனின் கடற்படைக்குப் பொறுப்பாக இருந்த அமைச்சர் வின்ஸ்டன் சர்ச்சில். இரண்டாம் உலகப் போரில் அவர்தான் பிரதமர். இப்போது அவருக்கு ஜப்பான் எதிரி. 1940-இல் ஜப்பான், ஜெர்மனியோடும் இத்தாலியோடும் ஒப்பந்தம் போட்டுவிட்டது.

சர்ச்சிலுக்குப் புதிய கூட்டாளி யார் தெரியுமா? ரஷ்யாவின் ஸ்டாலின். சர்ச்சில் வாழ்நாள் முழுக்க எதிர்த்தது ஸ்டாலினின் கம்யூனிஸத்தை. ஸ்டாலினோ 1939-இல் ஹிட்லரோடு, ஒருவரை ஒருவர் தாக்க மாட்டோம் என்று ஒப்பந்தம் போட்டவர். 1941 ஜூன் 22 அன்று ஹிட்லர் அதை மீறி ரஷ்யாவுக்குள் புகுந்தார். அடுத்த மாதமே பிரிட்டனும் ரஷ்யாவும் கை கோத்தன. பிடித்துப்போய்ச் சேரவில்லை, ஹிட்லர் இருவருக்கும் எதிரி என்பதால் சேர்ந்தார்கள்.

1943 நவம்பரில் தெஹ்ரானில் சர்ச்சில், ஸ்டாலின், அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் மூவரும் சந்தித்தார்கள். ஸ்டாலின்கிராட் நகர மக்களின் வீரத்துக்காகப் பிரிட்டன் மன்னர் கொடுத்தனுப்பிய நீளமான வாள் ஒன்றைச் சர்ச்சில் ஸ்டாலினிடம் கொடுத்தார். ஸ்டாலின் அதை முத்தமிட்டு, பக்கத்தில் நின்ற தளபதியிடம் நீட்டினார். அவர் வாங்கும்போது உறையிலிருந்து வாள் நழுவிவிட்டது. போர் முடிந்த கொஞ்ச வருஷத்திலேயே அந்தக் கூட்டணியும் கலைந்து, ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

இவ்வளவு கையெழுத்திலும் நம்ம மக்களைக் கேட்டுப் போட்டது ஒன்றுகூட இல்லை. எனக்கு ஆற்றாமையாக இருப்பது இதுதான். முதல் போரில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கடல் கடந்து போனார்கள். 74,000-க்கும் மேற்பட்டவர்கள் திரும்பவில்லை. 1939 செப்டம்பர் 3 அன்று வைஸ்ராய் லின்லித்கோ, இந்தியா போரில் இருக்கிறது என்று தானாகவே அறிவித்தார். நம்ம தலைவர்கள் ஒருவரையும் கேட்கவில்லை. அதை எதிர்த்து மாகாணங்களில் காங்கிரஸ் ஆட்சிகள் பதவி விலகின. நான் நிற்கும் இந்தச் சாலைக்குப் பெயரான ராஜாஜிதான் அப்போது சென்னை மாகாணத்தின் பிரதமர், இன்றைக்கு முதலமைச்சர் என்கிறோமே, அந்தப் பதவி. அவரும் பதவியை விட்டார்.

அப்புறம் 1942 ஏப்ரல். ஜப்பான் விமானங்கள் 5-ஆம் தேதி கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. அடுத்தது சென்னைதான் என்று ஊரே காலியானது. அரசு அலுவலகங்களைக்கூட வெளியூருக்கு மாற்றினார்கள். 1943 அக்டோபரில் ஒரு ஜப்பான் விமானம் வந்து இங்கேயும் குண்டு போட்டுவிட்டுப் போனது. நல்லவேளை, பெரிய சேதம் இல்லை. எம்டனிடமிருந்து கப்பல்களைக் காவல் காத்த அதே கொடி, தம்பி.

என் ஆயாவுக்கு அப்போது ஒன்பது வயது. ராயபுரத்திலிருந்து மாட்டு வண்டியில் பொன்னேரிக்குச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனார்களாம். எடுத்துப் போனது ஒரு அரிசி மூட்டை, இரண்டு பித்தளைக் குடம். அந்தக் குடத்தில் ஒன்று இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது, அடுத்த வீடியோவில் காட்டுகிறேன். ஜெர்மனி, ஜப்பான் என்ற பெயரெல்லாம் ஆயாவுக்கு அப்போது தெரியாது. அவர் நினைவில் இருந்தது வேறு. சென்ட்ரல் பக்கம் மிருகக்காட்சி சாலை இருந்தது. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் மிருகங்கள் தெருவுக்கு வந்துவிடும் என்று பயந்து, சிங்கம், புலி எல்லாவற்றையும் சுட்டுவிட்டார்கள். ஊர் திரும்பியதும் சிங்கத்தைப் பார்க்கக் கூட்டிப்போகச் சொல்லி ஆயா அழுதாராம். அவங்க அப்பா ரொம்ப நாள் உண்மையைச் சொல்லவே இல்லை. நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தாராம்.