உள்ளூர்ப் பெண்ணே முதல் பாடம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமை மாலையில் வீட்டுத் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு இந்த மண்டபத்துக்கு வந்திருக்கும் பினாங்குப் பெருமக்களே, வணக்கம்.

ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளுக்குச் சாதனைப் பெண்களைப் பற்றிச் சொல்லித் தரும்போது யாரிடமிருந்து தொடங்குவது? உலகப் புகழ் பெற்றவர்களிடமிருந்தா, உள்ளூர்ப் பெண்களிடமிருந்தா? இதுதான் இன்றைய தலைப்பு. நான் உள்ளூர் அணி.

எதிரணித் தலைவர் அழகாகப் பேசினார். மேரி கியூரியைப் பற்றி எளிய ஆங்கிலத்தில், படத்தோடு, பயிற்சியோடு எத்தனையோ பாடங்கள் தயாராக இருக்கின்றன, ஆசிரியர் அச்செடுத்துக் கொடுத்தால் வேலை முடிந்தது என்றார். ஐயா, எங்கள் புகாரே அதுதான். ஆசிரியர் அச்செடுத்துக் கொடுக்கிறார், பிள்ளையும் அதை அப்படியே திருப்பிக் கொடுக்கிறான். 1903-இல் இயற்பியலுக்கு நோபல், 1911-இல் வேதியியலுக்கு நோபல் என்று இரண்டு வரி. மிச்ச இடத்தில் "ஷீ இஸ் பிரேவ், ஷீ இஸ் கைண்ட், ஷீ இஸ் ஹார்ட்வொர்க்கிங்". பெயரை மட்டும் மாற்றினால் அந்தக் கட்டுரை அன்னை தெரேசாவுக்கும் பொருந்தும், அவனுடைய டியூஷன் டீச்சருக்கும் பொருந்தும்.

கியூரி அம்மையாரிடம் ஒரு குறையும் இல்லை. ஆனால் கதிரியக்கம் என்றால் என்னவென்று தமிழிலேயே இன்னும் பிடிபடாத பிள்ளை அதை ஆங்கிலத்தில் எப்படிப் பேசுவான்? புது மொழி, புது நாடு, புது அறிவியல் என்று மூன்றையும் ஒரே பாடவேளையில் அவன் தலையில் ஏற்றுகிறோம். கதை ஏற்கெனவே கொஞ்சம் தெரிந்ததாக இருந்தால் அவன் கவனம் முழுக்க மொழிக்குப் போகும். மொழி வகுப்பில் நமக்கு வேண்டியது அதுதானே?

சரி, உள்ளூருக்கு வருவோம். இந்த ஊரிலேயே தொடங்கலாம். நிக்கோல் டேவிட் 1983-இல் இதே பினாங்கில் பிறந்தவர். 2006 முதல் 2015 வரை தொடர்ந்து 9 ஆண்டுகள் ஸ்குவாஷ் உலகின் முதலிடத்தில் இருந்தவர். எட்டு முறை உலக வெற்றியாளர். எட்டாவது வெற்றி 2014-இல் கெய்ரோவில். எகிப்தில், எகிப்து வீராங்கனை ரனீம் எல் வெலிலியோடு இறுதியாட்டம். நிக்கோல் இரண்டுக்கு ஒன்று என்று பின்தங்கியிருக்கிறார். நான்காவது செட்டில் 6-10. எதிராளிக்கு இன்னும் ஒரே ஒரு புள்ளி கிடைத்தால் கதை முடிந்தது. அப்படி நான்கு முறை தப்பித்தார். அந்த செட்டை 14-12 என்று எடுத்து, ஐந்தாவதை 11-5 என்று முடித்தார்.

இதை வகுப்பில் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். "அந்த ஒரு பந்தை அவர் விட்டிருந்தால்?" என்று மட்டும் கேளுங்கள். ஆங்கில இலக்கணத்திலேயே பிள்ளைகளைப் படாத பாடு படுத்துவது இந்த 'இஃப்' வாக்கியம். நடந்து முடிந்ததை நடக்காததுபோல வைத்துப் பேசும் வாக்கியம். விதியை நூறு முறை பலகையில் எழுதியும் ஏறாதது, ஒரு விளையாட்டின் கடைசி நிமிடத்தை வைத்தால் ஏறுகிறது. ஏனென்றால் அப்போது அவனுக்கு உண்மையிலேயே சொல்வதற்கு ஒன்று இருக்கிறது.

அடுத்து சிபில் கார்த்திகேசு. 1899-இல் மேடானில் பிறந்தவர், தாதியாகவும் மருத்துவச்சியாகவும் ஈப்போவில் கணவரோடு கிளினிக் நடத்தியவர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் வந்ததும் குடும்பம் ஈப்போவுக்குப் பக்கத்திலிருக்கும் பாப்பான் என்ற சிற்றூருக்கு நகர்ந்தது. அங்கே அவர் என்ன செய்தார்? வானொலிப் பெட்டியை ஒளித்தார். இரகசியமாக பிபிசி கேட்டார். ஜப்பானியரை எதிர்த்துக் காட்டிலிருந்து வந்த போராளிகளின் காயத்துக்கு மருந்து போட்டார். 1943-இல் பிடிபட்டார். அடித்தார்கள், வதைத்தார்கள். காட்டிக்கொடுக்க மறுத்தார். பிறகு வீரத்துக்காகப் பிரிட்டன் தரும் ஜார்ஜ் பதக்கம் பெற்றார். 1948-இல் பிரிட்டனில் இறந்தார்.

கவனித்தீர்களா? நான் அவரை ஒரு முறைகூடப் புகழவில்லை. எல்லாம் வினைச்சொல். இறந்தகால வினையைச் சொல்லித் தர இதைவிட வேறு என்ன வேண்டும்? 'பிரேவ்' என்ற பட்டத்தை ஆசிரியர் கொடுக்க வேண்டியதில்லை, கேட்ட பிள்ளையே கொடுத்துவிடுவான். (சித்திரவதையை இரண்டாம் ஆண்டுப் பிள்ளையிடம் சொல்லாதீர்கள். அது படிவம் நான்குக்கு உரியது. சின்னவர்களுக்கு அந்த வானொலிப் பெட்டி போதும்.)

உள்ளூர்ப் பெண்களைப் பற்றி நல்ல ஆங்கிலம் எங்கே இருக்கிறது என்று எதிரணியில் ஒரு தம்பி கேட்டார். சிபில் தன் அனுபவத்தை எழுதியதே ஆங்கிலத்தில்தான், தம்பி. அவர் இறந்த பிறகு 1954-இல் நூலாக வந்தது. வாடகைக்குக் குரல் தேட வேண்டாம், அவரே பேசுகிறார்.

அப்புறம் இன்னொரு குற்றச்சாட்டு. இதெல்லாம் வரலாற்றுப் பாடம், ஆங்கிலப் பாடம் இல்லையாம். அப்படியானால் கியூரி எந்தப் பாடம்? இயற்பியல்தானே! ராசம்மா பூபாலனை எடுத்துக்கொள்ளுங்கள். பதின்ம வயதில் நேதாஜியின் பெண்கள் படையான ஜான்சி ராணி படையில் சேர்ந்தவர். பிறகு ஆசிரியை ஆனார். பெண் ஆசிரியர்களுக்கு ஆண்களைவிடக் குறைந்த சம்பளம் கொடுத்த காலம் அது. 1960-இல் பெண் ஆசிரியர் சங்கத்தைத் தொடங்கி, சம வேலைக்குச் சம சம்பளம் கேட்டுப் போராடியவர்களின் முன்வரிசையில் நின்றார். இன்று வகுப்பில் ஆங்கிலம் நடத்தும் டீச்சரின் சம்பளச் சீட்டில் அந்தப் போராட்டம் இருக்கிறது.

இரண்டு மாணவரை எதிரெதிரே உட்கார வையுங்கள். ஒருவர் சங்கம், ஒருவர் அரசாங்கம். பேரம் பேசட்டும். 'ஷுட்', 'மஸ்ட்', 'காண்ட்' எல்லாம் தானாக வந்து விழும். படிவம் ஐந்தின் முடிவில் வரும் எஸ்.பி.எம். தேர்வின் ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் இருவர் இருவராக உட்கார்ந்து பேசத்தானே போகிறார்கள்? வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடம் "உங்களுக்கு அந்தக் காலத்தில் சம்பளம் எவ்வளவு?" என்று தமிழில் கேட்டு வந்து ஆங்கிலத்தில் சொல்லலாம். கியூரியைப் பற்றி எந்தப் பாட்டியிடம் கேட்பது?

நாங்கள் கியூரியைத் துரத்தவில்லை. அடுத்த தவணையில் வரட்டும், தாராளமாக வரட்டும். நிக்கோலைப் பற்றிக் கேள்வி கேட்டுப் பழகிய பிள்ளை, கியூரியைப் பற்றியும் கேட்பான். எங்கள் வழக்கு, தொடக்கம் எங்கே என்பது மட்டும்தான்.

நடுவர் மணியை எடுத்துவிட்டார், முடிக்கிறேன். அடுத்துப் பேச வரும் எதிரணி அம்மையாருக்கு ஒரே ஒரு கேள்வி. உங்கள் வகுப்பின் கடைசி வரிசையில் உட்காரும் பையன் கியூரி பாடத்தில் கை தூக்கி, தானாக ஒரு கேள்வி கேட்டிருக்கிறானா? பாடத்தின் கீழே அச்சிட்ட கேள்விகள் கணக்கில் வராது.