பக்கத்து வீடு 11 வாரம் காலி, வரிசையில் 13 லட்சம் குடும்பங்கள்! கவுன்சில் வீட்டுச் சாவி எங்கே போகிறது?

என் பக்கத்து வீட்டு ஜன்னலில் 11 வாரம் திரைச்சீலை இறங்கியே கிடந்தது. கதவுக்கு இரும்புத் தகடு அடித்திருந்தார்கள். தினம் வேலைக்குப் போகும்போது அதைத் தாண்டித்தான் போனேன், ஒவ்வொரு நாளும் வயிறு எரிந்தது. ஏனென்றால் 2024 கணக்குப்படி இங்கிலாந்தில் கவுன்சில், அதாவது உள்ளாட்சி மன்றம், வாடகைக்கு விடும் வீடுகளுக்கான பட்டியலில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் குடும்பங்கள் 13 லட்சத்துக்கும் மேல். அப்படியிருக்கும்போது இரண்டு படுக்கையறை உள்ள ஒரு நல்ல வீடு ஏன் இரண்டரை மாதம் பூட்டிக் கிடக்க வேண்டும்? வாருங்கள், இன்று அந்தச் சாவியின் பின்னாலேயே போவோம்.

வரலாறு ஒரே மூச்சில்: முதல் உலகப் போர் முடிந்து 1919இல் வந்த அடிசன் சட்டத்தால் கவுன்சில்கள் பெரிய அளவில் வீடு கட்டின, 1980இல் தாட்சர் அரசு குடியிருப்பவரே வாங்கிக்கொள்ளலாம் என்றது, அப்புறம் கிட்டத்தட்ட 20 லட்சம் வீடுகள் கைமாறின, விற்ற அளவுக்குத் திரும்பக் கட்டவில்லை.

சரி, இப்போது பணம். நீங்கள் கட்டும் வாடகை கவுன்சிலின் பொதுப் பணத்தில் கலப்பதில்லை. ஹவுசிங் ரெவன்யூ அக்கவுன்ட் என்று ஒரு தனி உண்டியல் இருக்கிறது, 1989 சட்டம் அதைச் சுற்றி வேலி போட்டுவிட்டது. கவுன்சில் டாக்ஸ் என்ற உள்ளூர் வரிப் பணம் அதற்குள் போகாது, அதிலிருந்து எடுத்துத் தெருவிளக்கு போடவும் முடியாது. வாடகையும் அங்கேதான் சேரும், ரிப்பேர் செலவும் அங்கிருந்துதான் போகும். வாரம் 120 பவுண்ட் வாடகை என்று வைத்துக்கொண்டால், என் பக்கத்து வீடு பூட்டிக் கிடந்த 11 வாரத்தில் 1,320 பவுண்ட் அந்த உண்டியலுக்கு வரவில்லை. அது யாரோ ஒருவர் வீட்டு பாய்லருக்கான காசு. அதனால்தான் சொல்கிறேன், காலி வீடு பக்கத்து வீட்டுக்காரருக்கும் நஷ்டம்.

வாடகையை எப்படி முடிவு செய்கிறார்கள் தெரியுமா? இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. பெரும்பாலான பழைய கவுன்சில் வீடுகளுக்கு ஒரு சூத்திரம் உண்டு, அதில் 30 சதவீதப் பங்கு வீட்டின் மதிப்பை வைத்து. எந்த மதிப்பு? 1999 ஜனவரியில் அந்த வீடு என்ன விலை போயிருக்குமோ, அந்த மதிப்பு! மீதி 70 சதவீதம் அந்த வட்டாரத்துச் சம்பளத்தையும் படுக்கையறை எண்ணிக்கையையும் பொறுத்தது. அதற்கு மேல் ஆண்டுதோறும் எவ்வளவு ஏற்றலாம் என்று அரசு வரம்பு வைக்கும். 2016லிருந்து நான்கு வருடம் வாடகையை ஏற்றவே விடாமல் ஆண்டுக்கு 1 சதவீதம் குறைக்கச் சொன்னார்கள். 2023இல் விலைவாசி 10 சதவீதத்தைத் தாண்டியபோது வாடகை உயர்வை 7 சதவீதத்தில் நிறுத்தினார்கள். குடியிருப்பவருக்கு நிம்மதிதான், ஆனால் உண்டியலில் விழுந்த ஓட்டை ரிப்பேரில் தெரிந்தது.

இன்னொன்று, இதைத் தயவுசெய்து உங்கள் அம்மா அப்பாவுக்கும் சொல்லுங்கள். வாடகை வாரக் கணக்கு, சம்பளம் மாதக் கணக்கு. "மாதத்துக்கு நாலு வாரம்தானே" என்று 480 பவுண்ட் கட்டினால் வருடத்தில் 48 வாரத்துக்குத்தான் கட்டியிருப்பீர்கள். நான்கு வார வாடகை, அதாவது 480 பவுண்ட், பாக்கி நிற்கும், எச்சரிக்கைக் கடிதம் வரும், ஒழுங்காகக் கட்டியும் ஏன் என்று நெஞ்சு படபடக்கும். சரியான மாதத் தொகை 520. சில கவுன்சில்கள் வருடத்துக்கு 48 வாரம் மட்டும் வசூலிப்பதும் உண்டு, உங்கள் ஒப்பந்தத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி சாவி. காலி வீட்டைக் கவுன்சிலில் 'வாய்ட்' என்பார்கள். வீட்டைக் காலி செய்பவர் பொதுவாக நான்கு வார நோட்டீஸ் கொடுத்து, ஒரு திங்கட்கிழமை சாவியை ஒப்படைப்பார். என் பக்கத்து வீட்டில் அப்படி நடக்கவில்லை. அங்கே தனியாக இருந்த பெரியவர் இறந்துபோனார். இறந்தவுடன் வாடகை ஒப்பந்தம் முடிந்துவிடும் என்றுதானே நினைப்போம்? முடியாது! அது இறந்தவர் பெயரிலேயே ஓடும். உயில் இல்லையென்றால் கவுன்சில் நோட்டீஸை எழுதி, பப்ளிக் டிரஸ்டி என்ற அதிகாரிக்கும் ஒரு பிரதி அனுப்பி, குறைந்தது நான்கு வாரம் காத்திருக்க வேண்டும். அவருடைய மூக்குக்கண்ணாடி ஜன்னல் திண்டிலேயே இருந்தது, நான் வெளியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அதற்குப் பிறகுதான் வேலை தொடங்கும். பூட்டு மாற்ற ஒருவர், கேஸை அடைக்க ஒருவர், மின்கம்பி சோதிக்க ஒருவர். பிரிட்டன் ஆஸ்பெஸ்டாஸை முழுதாகத் தடை செய்ததே 1999இல்தான் என்பதால் பழைய கூரைப் பூச்சைச் சுரண்டும் முன் மாதிரி எடுத்துப் பரிசோதிக்க ஒருவர். என் கண்ணால் பார்த்தது இது: ஒவ்வொருவரும் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம்தான் உள்ளே இருந்தார்கள், ஆனால் ஒருவர் போய் அடுத்தவர் வர ஐந்து நாள், எட்டு நாள். வீட்டில் வேலை நடந்த நாள்களைவிட, யாருடைய வரிசையிலோ காத்திருந்த நாள்களே அதிகம். அப்புறம் பட்டியலில் இருப்பவர்கள் 'பிட்' போடுவார்கள், அதாவது இந்த வீடு எனக்கு வேண்டும் என்று கேட்பார்கள். நம் ஊர்ச் சீட்டு ஏலம் மாதிரி பேர்தான், காசு கிடையாது, அவசரம் அதிகம் உள்ளவருக்கே முதலிடம். அவர் வேண்டாம் என்றால் அடுத்தவரை அழைக்க மறுபடி சில நாள்.

என் கருத்து: அந்த நான்கு வார நோட்டீஸ் காலத்தை வீணாக்கக் கூடாது. ஆள் வீட்டில் இருக்கும்போதே வந்து பார்த்து, என்ன உடைந்திருக்கிறது என்று எழுதி, எல்லோருக்கும் தேதி போட்டுவிட்டால் சாவி வந்த மறுநாளே சுத்தியல் சத்தம் கேட்கும். செய்யும் கவுன்சில்கள் இருக்கின்றன, எல்லாரும் செய்ய வேண்டும்.

ரிப்பேர் பற்றிச் சுருக்கமாக. ராச்டேலில் 2020 டிசம்பரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை, வீட்டுச் சுவரில் படிந்த பூஞ்சையால் இறந்தான். அவன் பெயரிலான சட்டம் 2025 அக்டோபர் 27 முதல் நடைமுறைக்கு வந்தது. உயிருக்கு ஆபத்தான பழுது என்றால் 24 மணி நேரத்தில் வர வேண்டும். ஓதம், பூஞ்சை கடுமையாக இருந்தால் 10 வேலை நாளில் சோதித்து, ஆபத்து உறுதியானால் அடுத்த 5 வேலை நாளில் பாதுகாப்பாக்க வேண்டும். புகார் செய்த தேதியை எழுதி வையுங்கள், போட்டோ எடுங்கள்.

போன வியாழக்கிழமை பக்கத்து வீட்டுத் தகடு கழன்றது. ஒரு அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் குடிவந்தார்கள். கேஸ்காரர் வந்தார், முன்கூட்டியே காசு போட்டால்தான் கேஸ் வரும் மீட்டர் அது, அதில் காசு இல்லை, திறந்துவிட முடியாமல் திரும்பிப் போய்விட்டார், பிள்ளைகள் அன்று ராத்திரி கோட்டோடு படுத்தார்கள். புது வீட்டுக்குப் போகிறவர்கள் சாவி வாங்கிய அன்றே கேஸ் கம்பெனியை அழைத்து உங்கள் பெயரில் பதிவு செய்யுங்கள், இல்லையென்றால் பழையவரின் கடனும் அந்த மீட்டரில் உங்களிடமிருந்து பிடிக்கப்படலாம். உங்கள் கட்டடத்தில் ஒரு வீடு எத்தனை வாரம் காலியாகக் கிடந்தது என்று கீழே எழுதுங்கள், ஒவ்வொன்றையும் படிக்கிறேன்.