பவர் பத்திரம்: எழுதிக் கொடுக்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

அவையோர் அனைவருக்கும் வணக்கம். பேச்சுவழக்கில் பவர் என்று நாம் சொல்லும் அதிகார ஆவணம், ஒருவர் தம் சார்பில் செயல்பட மற்றொருவருக்கு எழுத்துமூலம் தரும் அதிகாரமாகும். எழுதிக் கொடுப்பவர் முதன்மையாளர், பெறுபவர் முகவர். குறிப்பிட்ட ஒரு வேலைக்காகத் தருவது சிறப்பு அதிகார ஆவணம். அந்த வேலை முடிந்தவுடன் அதன் ஆயுளும் முடிந்துவிடும். பல வேலைகளுக்குச் சேர்த்துத் தருவது பொது அதிகார ஆவணம். ஆனால், பொது என்றாலே எல்லாம் அடங்கிவிட்டதாக எண்ணிவிடக் கூடாது. நீதிமன்றங்கள் இவ்வாவணங்களுக்கு இறுக்கமாகவே பொருள் கொள்கின்றன. 'வீட்டைப் பராமரிக்கவும் வாடகை வசூலிக்கவும்' என்று மட்டும் எழுதியிருந்தால், அந்த வீட்டை விற்க முகவருக்கு அதிகாரம் கிடையாது.

இதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. எழுதிக் கொடுத்தவரே சுயநினைவை இழந்துவிட்டால் அந்தப் பத்திரம் என்னவாகும்? பக்கவாதத்தால் பேச்சிழந்து, பெற்ற மகனையே அடையாளம் தெரியாமல் படுத்திருக்கும் தந்தையின் மருத்துவச் செலவுக்காக, அவர் என்றோ கையெழுத்திட்டுத் தந்த பவர் பத்திரத்தோடு மகன் வங்கிக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 201-ஆம் பிரிவின்படி, முதன்மையாளர் இறந்தாலோ சித்த சுவாதீனத்தை இழந்தாலோ முகவரின் அதிகாரம் முடிந்துபோகிறது. குடும்பத்துக்கு மிகவும் தேவைப்படும் நாளில்தான் அந்தத் தாள் செல்லாததாகிறது. பாதுகாவலர் நியமனம் கேட்டு நீதிமன்றப் படியேற வேண்டிய நிலை வருகிறது. எனக்கு இது மிகவும் வேதனை தரும் விஷயம்.

இக்குறையைப் போக்கத்தான் சில நாடுகள், முதன்மையாளர் மனத்திறனை இழந்த பிறகும் செல்லுபடியாகும் நீடித்த அதிகார ஆவணத்தை உருவாக்கின. இங்கிலாந்தில் 1985-இல் இதற்கெனத் தனிச் சட்டம் வந்தது; பின்னர் 2005-ஆம் ஆண்டுச் சட்டம், சொத்துக்கும் பணத்துக்கும் ஓர் ஆவணம், உடல்நலத்துக்கும் பராமரிப்புக்கும் மற்றோர் ஆவணம் என்று பிரித்தது. உடல்நல முகவர், நோயாளியால் தாமே முடிவெடுக்க இயலாதபோது மட்டுமே செயல்படலாம். எந்த வகையானாலும் தெளிந்த மனநிலையில் இருக்கும்போதே எழுதியாக வேண்டும்.

ரத்து செய்வதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரத்துப் பத்திரம் எழுதிப் பெட்டியில் வைத்துக்கொண்டால் போதாது; முகவருக்கும், அவரோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கும் வங்கி முதலியோருக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். ஏனெனில், ரத்தானது தெரியாமல் முகவரை நம்பி நடந்துகொண்ட வெளியாருக்குச் சட்டம் பாதுகாப்பு அளிக்கிறது.