டைப் 1 சர்க்கரை நோயும் இதயத் தமனிகளும்: சென்சார் சொல்லாத செய்தி

வணக்கம் நண்பர்களே. என் மேற்கையில் ஒட்டியிருக்கும் இந்தச் சென்சார் சில நிமிடங்களுக்கு ஒருமுறை சர்க்கரை அளவைக் கைபேசிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. ஆனால் இதயத்துக்கு ரத்தம் கொண்டுசெல்லும் தமனிகளுக்குள் என்ன படிகிறது என்பது அதற்குத் தெரியாது. இன்றைய காணொளி அதைப் பற்றியதுதான்.

மாரடைப்பு என்றதும் பருத்த உடலும் நடுத்தர வயதும்தான் நினைவுக்கு வருகின்றன. உடலில் இன்சுலின் சுரப்பு நின்றுபோகும் டைப் 1 உள்ளவர்களில் பலரோ சிறு வயதிலேயே நோயைச் சுமக்கத் தொடங்கியவர்கள். ஒல்லியாக இருப்பவர்களும் ஏராளம். பரிசோதனை அறிக்கையில் நல்ல கொழுப்பான எச்டிஎல் உயர்ந்திருப்பதைப் பார்த்து மனம் நிம்மதியடையும். அந்த எண்ணை நான் அவ்வளவாக நம்புவதில்லை, ஏனென்றால் டைப் 1இல் எச்டிஎல் அதிகமாக இருந்தும் தமனி அடைப்பு வருவதுண்டு. மாதவிடாய் நிற்கும் வரை பெண்களுக்கு இருப்பதாகச் சொல்லப்படும் பாதுகாப்பும் இங்கே பெருமளவு கரைந்துவிடுகிறது.

1983இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் தொடங்கிய டிசிசிடி என்ற சர்க்கரைக் கட்டுப்பாட்டு ஆய்வில் டைப் 1 உள்ள 1,441 பேர் பங்கேற்றனர். தீவிர இன்சுலின் சிகிச்சை பெற்றவர்களின் எச்பிஏ1சி (கடந்த இரண்டு, மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் அளவு) 7 சதவீதத்தை ஒட்டியும், வழக்கமான சிகிச்சை பெற்ற மற்றவர்களுக்கு 9 சதவீதத்தை ஒட்டியும் இருந்தது. 1993இல் ஆய்வு முடிந்ததும் எல்லோருக்கும் தீவிர சிகிச்சையே பரிந்துரைக்கப்பட்டது. இரு பிரிவினரின் சர்க்கரை அளவும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது. அப்படியிருந்தும், 2005இல் வெளியான தொடர் ஆய்வின்படி, முதலிலிருந்தே தீவிர சிகிச்சை பெற்றவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் அல்லது இதயநோய் மரணம் நேரும் அபாயம் 57 சதவீதம் குறைவாக இருந்தது. பழைய ஆண்டுகளின் சர்க்கரையை ரத்தக்குழாய்கள் மறப்பதில்லை. தொடக்க ஆண்டுகளைத் தவறவிட்டவர்கள் இதைக் கேட்டுச் சோர்ந்துவிட வேண்டாம். இப்போது குறைப்பதற்கும் பலன் உண்டு.

எனக்கு மிகவும் கவலை தருவது வலியில்லாத மாரடைப்பு. நீண்டகாலச் சர்க்கரையால், இதயம் போன்ற உள்ளுறுப்புகளைத் தானாக இயக்கும் தன்னியக்க நரம்புகள் பழுதடைந்திருந்தால் நெஞ்சுவலியே வராமல் போகலாம். மூச்சுத்திணறல், குமட்டல், காரணமில்லாத களைப்பு, வியர்வை ஆகியவை மட்டுமே தோன்றலாம். வியர்த்துக் கொட்டினால் நாம் என்ன செய்வோம்? லோ சுகர் என்று நினைத்துக் குளுக்கோஸை வாயில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவோம். சர்க்கரை 130 என்று காட்டும்போதும் வியர்வையும் மூச்சிரைப்பும் தொடர்ந்தால், அது லோ அல்ல. உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது எச்பிஏ1சியோடு நின்றுவிடாமல் ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பான எல்டிஎல், சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் ஆகியவற்றையும் கேளுங்கள். ஆல்புமின் கசிவதைச் சிறுநீரகப் பிரச்சினை என்று மட்டும் பலர் நினைக்கிறார்கள். இதய அபாயம் கூடியிருப்பதற்கும் அதுவே வலுவான அறிகுறி. புகைப்பழக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 40 வயதைக் கடந்தவர்களுக்குப் பொதுவாகக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை பரிந்துரைக்கப்படுகிறது. அதற்குக் குறைந்த வயதிலும் வேறு அபாயங்கள் இருந்தால் மருத்துவர் அதைப் பரிசீலிப்பார். கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்கள் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.